விமானி ஆகும் தகுதியும் அதற்கான சோதனையும்



ஈப்போ நகரத்துக்குத் தென்கிழக்கே, குனோங் ராப்பாட் பக்கம், சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை வேளையில் அதன் வேலியோரமாகப் போய் நின்றால், மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து விமானம் பார்க்கும் குடும்பங்களைக் காணலாம். கையில் புந்தோங் கச்சாங் பூத்தே பொட்டலம். கண் ஓடுதளத்தின் மேல். ஒருநாள் நாமும் பள்ளிப் பிள்ளைகளோடு அங்கே நின்றுகொண்டிருந்தபோது, ஒரு தாய் நம்மிடம் கேட்டார்: "சார், இத ஓட்டுறவங்க எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பாங்க?"

அந்தக் கேள்விக்கு அன்று நாம் சரியாக விடை சொல்லவில்லை. "நல்லா படிக்கணும்மா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். ஆசிரியர்களாகிய நாம் விடை தெரியாதபோது சொல்லும் விடை அதுதான். விமானி ஆவதற்கு நன்றாகப் படித்தால் மட்டும் போதாது. மிகப் பெரிய படிப்பும் வேண்டியதில்லை. எஸ்.பி.எம். தேர்வில் கணிதம், ஆங்கிலம், அறிவியல் ஆகிய பாடங்களில் நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளைக்குப் பெரும்பாலான பயிற்சிப் பள்ளிகளின் வாசல் திறந்தே இருக்கிறது. தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு எட்டாத தகுதி அல்ல இது. ஆனால் அந்த வாசலுக்குள் நுழைந்தவுடன் இரண்டு காவல்காரர்கள் நிற்கிறார்கள். ஒருவர் மருத்துவர். மற்றொருவர் இயல்திறன் சோதனை. இந்த இரண்டாவது காவல்காரரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். முதலாமவரைப் பற்றியும் சொல்லாமல் விடமாட்டோம். அவரை மறந்ததால் ஒரு குடும்பம் பட்ட பாட்டை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

இயல்திறன் சோதனை என்பது என்ன? பள்ளித் தேர்வு, நாம் எதைக் கற்றோம் என்று கேட்கிறது. இயல்திறன் சோதனையோ, இனிமேல் எதை எவ்வளவு விரைவாகக் கற்றுக்கொள்வோம் என்று கணிக்கப் பார்க்கிறது. விமானத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரிடமும் அதை நடத்தலாம். கண்ணும் கையும் காலும் ஒன்றுபட்டு வேலை செய்கின்றனவா, காதில் விழுந்த எண்கள் நினைவில் நிற்கின்றனவா, ஒரே நேரத்தில் மூன்று வேலை வந்தால் தலை சுற்றுகிறதா, இவைதான் அங்கே பார்க்கப்படுகின்றன.

இது சும்மா வந்த ஏற்பாடல்ல. முதலாம் உலகப் போர்க் காலத்தில், குதிரை ஏறத் தெரிந்தவர்களை நல்ல விமானி ஆவார்கள் என்று நம்பிச் சேர்த்தார்கள். லகானைப் பிடிக்கத் தெரிந்த கை, விமானத்தையும் பிடிக்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பலமுறை தப்பியது. எதிரியின் குண்டுக்கு இரையாகாமல் பயிற்சி மைதானத்திலேயே மாண்டவர்கள் பலர். இரண்டாம் உலகப் போர் வந்தபோது, 1941-இல், அமெரிக்க விமானப் படையில் ஜான் ஃப்ளனகன் என்ற உளவியல் அறிஞர் தலைமையில் ஒரு குழு இதை ஆராயத் தொடங்கியது. எழுத்துத் தேர்வும் கருவிச் சோதனையும் வைத்து, இளைஞர்களை ஒன்றிலிருந்து ஒன்பது வரை படிகளாகப் பிரித்தார்கள். கீழ்ப்படியில் நின்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பயிற்சியில் தோற்றார்கள். ஒன்பதாம் படியில் நின்றவர்களில் மிகச் சிலரே தோற்றார்கள். அதன் பிறகு உலகெங்கும் விமானப்படைகளும், பின்னர் விமான நிறுவனங்களும் இப்படிப்பட்ட சோதனைகளை வைத்துக்கொண்டன. இன்று அவை பெரும்பாலும் கணினித் திரையில் நடக்கின்றன. பெயர்கள் பலவாக இருக்கும்: காம்பஸ் என்பார்கள், பைலாப்ட் என்பார்கள், கட்-இ என்பார்கள். பெயர் எதுவானாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்தச் சரக்கில் முதலாவது கையும் கண்ணும் சேர்ந்து செய்யும் வேலை. இதைக் கேட்டதும் நமக்குப் பால்வெட்டுதான் நினைவுக்கு வருகிறது. விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு நம் தாயும் தந்தையும் மரத்தண்டை நிற்பார்கள். உளி பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் அளவு சீவ வேண்டும். அதற்கு மேல் ஆழம் போய் மரத்தைத் தொட்டால் காயம். புண்பட்ட இடத்தில் முடிச்சு விழுந்து, பிறகு அந்தப் பட்டை வெட்டுக்கு உதவாது. ஆழம் போதாவிட்டால் பால் வராது. கை ஒரே சீராக இறங்க, கால் மரத்தைச் சுற்றி நகர, கண் வெளிச்சம் விழும் இடத்திலேயே இருக்க, காது பாம்பு சரசரக்கும் சத்தத்தைக் கேட்டபடி இருக்கும். இப்படி ஒரு நாளைக்கு ஐந்நூறு மரங்கள். இந்தத் திறனை அளக்க அந்தக் காலத்தில் யாரும் சோதனை வைக்கவில்லை; கங்காணியின் கண்தான் சோதனை. நம் மக்களுக்குக் கைத்திறன் இல்லை என்று யாராவது சொன்னால், அவர் ரப்பர் மரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை என்று பொருள்.

சோதனையில் என்ன செய்யச் சொல்வார்கள்? திரையில் ஒரு புள்ளி தன்பாட்டுக்கு அங்குமிங்கும் ஓடும். கையில் ஒரு கோல் கொடுப்பார்கள். சில இடங்களில் காலுக்கு இரண்டு மிதிகளும் இருக்கும். புள்ளியை நடுவிலுள்ள கட்டத்துக்குள் வைத்திருக்க வேண்டும். அதே நேரத்தில் சிவப்பு விளக்கு எரியும், அல்லது ஒரு சத்தம் கேட்கும். உடனே இன்னொரு விசையைத் தள்ளி அதை நிறுத்த வேண்டும். பழகாதவர்கள் எல்லோரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். புள்ளி இடப்பக்கம் ஓடினால், பதறிப்போய்க் கோலை முழுவதுமாக வலப்பக்கம் தள்ளிவிடுகிறார்கள். புள்ளி எதிர்ப்பக்கம் பாய்கிறது, மறுபடி பதற்றம். கொஞ்சமாகத் தள்ளி, பலன் என்ன என்று ஒரு கணம் பார்த்து, மீண்டும் கொஞ்சம் தள்ளுவதுதான் முறை. உளியை அழுத்திப் பிடித்தால் மரம் காயப்படும் என்று பால்வெட்டுக்காரர் தம் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தாரே, அதே பாடம்தான்.

கால்மிதியில் இன்னொரு குழப்பம் உண்டு. சைக்கிளில் வலக்கைப் பிடியை முன்னே தள்ளினால் சக்கரம் இடப்பக்கம் திரும்பும். விமானத்தில் வலக்கால் மிதியை முன்னே தள்ளினால் விமானத்தின் மூக்கு வலப்பக்கம் திரும்பும். சிறு வயதிலிருந்து சைக்கிள் ஓட்டிய பிள்ளைக்கு முதல் சில நிமிடங்கள் இது கோணலாகவே தோன்றும். அப்படித் தோன்றும் என்பதை முன்னமே தெரிந்துவைத்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். கோலைத் தன்பக்கம் இழுத்தால் மூக்கு மேலே போகும், முன்னே தள்ளினால் கீழே இறங்கும் என்பதையும் மனத்தில் பதிய வைக்க வேண்டும்.

அடுத்தது நினைவாற்றல். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து, "திசை 240, உயரம் 3,500 அடி, அலைவரிசை 118.1" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். விமானி அதைக் கேட்டு, பிழையின்றித் திருப்பிச் சொல்லி, அதன்படி நடக்க வேண்டும். ஆகவே சோதனையிலும் ஏழெட்டு எண்களைக் காட்டி மறைத்துவிட்டு, முன்னிருந்து பின்னாகவோ பின்னிருந்து முன்னாகவோ கேட்பார்கள். இதைப் பழகக் கணினி தேவையில்லை. பேருந்தில் போகும்போது எதிரே வரும் வண்டிகளின் எண்களைப் பார்த்து, வண்டி கடந்துபோன பிறகு தலைகீழாகச் சொல்லிப் பார்க்கலாம். பேராக் வண்டி எண்கள் 'ஏ' எழுத்தில் தொடங்குவதால் முதல் எழுத்து இலவசம்! வீட்டில் அம்மா சமைத்துக்கொண்டே எண்களைச் சொல்ல, பிள்ளை திருப்பிச் சொல்லலாம். எண்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளாமல் மும்மூன்றாகச் சேர்த்துப் பிடித்தால் அதிகம் நிற்கும்.

மனக்கணக்கைப் பற்றி நாம் சற்று அதிகமாகவே பேசுவோம். வாத்தியார் புத்தி அப்படி. கணக்குகள் கடினமானவை அல்ல. நேரந்தான் குறைவு. மணிக்கு 120 கடல்மைல் வேகத்தில் போகும் சிறு விமானம், 90 கடல்மைல் தூரத்தை எவ்வளவு நேரத்தில் கடக்கும்? தாளும் பென்சிலும் தேடக் கூடாது. 120-ஐ அறுபதால் வகுத்தால் நிமிடத்துக்கு 2 கடல்மைல். ஆகவே 45 நிமிடம். அந்த விமானம் மணிக்கு 36 லிட்டர் எரிபொருள் குடித்தால், 45 நிமிடத்துக்கு முக்கால் பங்கு, 27 லிட்டர். இவ்வளவுதான். இதற்கு வேண்டியது வாய்ப்பாடும் பின்னமும். கைக்கணினி வந்த பிறகு வாய்ப்பாட்டைப் பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள். அந்த விரல் பழக்கம் இங்கே காலை வாரிவிடும்.

திசைக் கணக்கும் வரும். திசைகாட்டியில் வட்டம் 360 பாகை. ஒரு திசைக்கு நேர் எதிர்த்திசை வேண்டுமானால் 180 கூட்டவோ கழிக்கவோ வேண்டும். இதை விரைவாகச் செய்ய ஒரு குறுக்குவழி உண்டு: 200 கூட்டி 20 கழிப்பது, அல்லது 200 கழித்து 20 கூட்டுவது. 070-க்கு எதிர்த்திசை என்ன? 270, அதில் 20 போக 250. 230-க்கு? 30, அதோடு 20, ஆக 050. பத்து நாள் பழகினால் இது நாக்கு நுனிக்கு வந்துவிடும்.

விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒரு கருவியைப் பார்த்துச் சொல்லச் சொல்வார்கள். செயற்கை அடிவானம் என்று அதற்குப் பெயர். மேலே நீலம், கீழே பழுப்பு, நடுவில் ஒரு கோடு. பலரும் இங்கே தடுமாறுகிறார்கள், ஏனென்றால் விமானம் வலப்பக்கம் சாய்ந்தால் கோடு இடப்பக்கம் சாய்ந்ததுபோல் தெரியும். வீட்டிலேயே இதைக் கண்டுகொள்ளலாம். ஒரு தடித்த அட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டி, அதன் வழியே எதிர்வீட்டுக் கூரையின் விளிம்பைப் பாருங்கள். அட்டையை மெல்ல வலப்பக்கம் சாயுங்கள். அட்டையின் சட்டத்தோடு ஒப்பிட்டால் கூரைக் கோட்டின் வலமுனை மேலே ஏறி நிற்கும். சாய்ந்தது கூரையல்ல, அட்டை. விமானியும் அப்படித்தான் பார்க்கிறார். எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினோம். பெரியவர்களைவிட விரைவாகப் பிடித்துக்கொண்டார்கள்.

இவற்றையெல்லாம் தனித்தனியே செய்யக்கூடிய பிள்ளைகள் பலர். சேர்த்துச் செய்யச் சொல்லும்போதுதான் சோதனை சோதனையாகிறது. ஒரு பக்கம் புள்ளியைக் கட்டத்துக்குள் வைக்க வேண்டும், மறுபக்கம் கணக்கு, நடுவே விளக்கு. எதற்கு இத்தனை தொல்லை என்று கேட்கத் தோன்றும். 1972 டிசம்பர் 29-ஆம் நாள் இரவு, அமெரிக்காவில் மயாமி நகரை நெருங்கிய ஈஸ்டர்ன் நிறுவனத்தின் பெரிய விமானம் ஒன்றில், சக்கரம் இறங்கியதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. விமானிகள் அனைவரும் அந்த விளக்கையே கவனித்துக்கொண்டிருந்தார்கள். தானியங்கி, உயரத்தைப் பிடித்திருந்ததை விட்டுவிட்டதை யாரும் பார்க்கவில்லை. விமானம் சிறிது சிறிதாக இறங்கிச் சதுப்பு நிலத்தில் விழுந்தது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். எரியாமல் போனது ஒரு சின்னஞ்சிறு விளக்கு. ஆகவேதான் விமானிகளுக்கு முதல் பாடமாக இதைச் சொல்கிறார்கள்: முதலில் விமானத்தைப் பறக்க வை, பிறகு வழியைப் பார், அதற்குப் பிறகு பேசு. சோதனையிலும் இந்த வரிசை உதவும். விளக்கைப் பார்க்கப் போய்ப் புள்ளியை விட்டுவிடக் கூடாது. ஒரு கணக்கு வரவில்லை என்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும்; ஒன்றிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களைத்தான் இந்தச் சோதனை கண்டுபிடிக்கிறது.

அடுப்பில் சோறு கொதிக்க, இடுப்பில் குழந்தை அழ, வாசலில் மீன்காரர் கூவ, மூன்றையும் சமாளித்து, சோற்றையும் குழைய விடாத தாய்மார்களுக்கு இதைப் பற்றி நாம் விளக்கத் தேவையில்லை. பெண் பிள்ளைகளைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறோம். அரச மலேசிய ஆகாயப் படையில் மிக்-29 போர் விமானத்தை ஓட்டியவர் பெட்ரிசியா யாப் என்ற சபா மாநிலத்துப் பெண். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" என்ற கேள்விக்கு அதற்கு மேல் விடை வேண்டுமா?

பழகினால் மதிப்பெண் கூடுமா? கூடும், ஓரளவுக்கு. சோதனை எப்படி இருக்கும் என்று தெரியாமல் போகிறவனைவிட, நாலைந்து முறை அதுபோன்றதைச் செய்து பார்த்தவன் நிச்சயமாக மேலாகச் செய்வான். முதல் சில நாள்களில் ஏற்றம் வேகமாக இருக்கும், பிறகு நின்றுவிடும். ஆகையால், தேர்வுக்கு முதல் வாரம் இராப்பகலாகக் கண் விழிப்பது வீண். இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கி, நாளுக்கு இருபது முப்பது நிமிடம் பழகுவது நல்லது. கணினியில் விமான விளையாட்டுகள் இருக்கின்றன. கோல் ஒன்று வாங்கிப் பொருத்தினால் போதும். பக்கத்து வீட்டில் இருந்தால் கேட்டு வாங்கிப் பழகலாம், வெட்கமில்லை. வீட்டில் பல்லாங்குழி இருந்தால் அதுவும் கெட்டுப் போகவில்லை. எந்தக் குழியில் எத்தனை இருக்கிறது என்று நினைவில் வைத்திருப்பதும் ஒரு பயிற்சியே. ஆனால், "உறுதியாகத் தேர்ச்சி, கட்டணம் இவ்வளவு" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். இல்லாத திறனை ஒரு வாரத்தில் யாராலும் விலைக்குக் கொடுக்க முடியாது.

நம் பிள்ளைகள் உண்மையில் இடறும் இடம் வேறொன்று. சோதனையின் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும். கடிகாரம் சுற்றும் திசை, அதற்கு எதிர்த்திசை, அடுத்துள்ள, எதிரேயுள்ள, செங்குத்தான, இவற்றுக்கெல்லாம் ஆங்கிலச் சொல் தெரியாமல், செய்யத் தெரிந்ததையே தவறாகச் செய்துவிட்டு வருகிறார்கள். கை தோற்கவில்லை, சொல் தோற்றது. விமானிகளின் ஆங்கிலத் திறனை உலக அளவில் ஆறு படிகளாக வகுத்திருக்கிறார்கள். வெளிநாடுகளுக்குப் பறக்க வேண்டுமானால் நான்காம் படியாவது வேண்டும். இதற்கு இலக்கிய ஆங்கிலம் வேண்டாம். தெளிவாகக் கேட்டு, தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும். தமிழ்ப் பள்ளியில் படித்ததால் இது வராது என்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. கேட்டதைப் புரிந்துகொள்ளும் பழக்கம் தாய்மொழியில் வந்துவிட்டால், மற்ற மொழியில் சொற்களைச் சேர்ப்பதுதான் பாக்கி. அந்தச் சொற்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து வைத்தாலே போதும்.

இனி அந்த முதல் காவல்காரரைப் பற்றி.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தகப்பனார் ரப்பர் ஆலையில் இருபத்தெட்டு ஆண்டு வேலை செய்தவர். தோட்டம் கைமாறியபின் ஈப்போ புறநகர் அடுக்குமாடிக்குக் குடிவந்தவர். ஐம்பத்தைந்து வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. மகன் எஸ்.பி.எம்.மில் நன்றாகத் தேறியவன். விமானி ஆக வேண்டும் என்பது அவன் சிறு வயது ஆசை. ஒரு பயிற்சிப் பள்ளியில் முன்பணம் கட்டினார்கள். சீருடைக்கு அளவெடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் மருத்துவச் சோதனை. அங்கே புள்ளிகள் நிறைந்த வண்ண அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு எண்ணாகத் தெரிந்தது அவனுக்கு வெறும் புள்ளிகளாகத் தெரிந்தது. சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத குறை. பதினெட்டு வயது வரை வீட்டில் யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. கட்டிய பணத்தில் சிறு பகுதிதான் திரும்பி வந்தது. அந்தத் தகப்பனார் நம்மிடம் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "சின்ன வயசுலயே நீங்க பாத்திருக்கக் கூடாதா சார்?" என்றுதான் கேட்டார். அவன் நம்மிடம் படித்தவன். வண்ணப் பென்சிலில் மரத்தின் இலைக்குப் பழுப்பு நிறம் தீட்டியதற்காக அவனை நாமே கண்டித்திருக்கிறோம்.

இந்த அட்டைகளை ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்டார். கண் மருத்துவரிடமும், பல கண்ணாடிக் கடைகளிலும் இருக்கும். சில நிமிட வேலை. இந்தக் குறை பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வரும். அதுவும் தாய் வழியாக வரும், தாய்க்கு எந்தக் குறையும் தெரியாமலே. ஆகவே தாயின் தகப்பனாருக்கோ, தாய்மாமனுக்கோ நிறம் பிரித்தறிவதில் குழப்பம் உண்டா என்று விசாரித்துப் பாருங்கள். உண்டு என்றால், பிள்ளையைப் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே காட்டிவிடலாம். ஆசை வேரூன்றும் முன் தெரிந்துகொள்வது பிள்ளைக்கும் நல்லது.

கண்ணாடி அணிந்தால் விமானி ஆக முடியாது என்ற எண்ணமும் நம்மிடையே இருக்கிறது. பயணிகள் விமானத்தைப் பொறுத்தவரை அது தவறு. கண்ணாடி போட்டபின் பார்வை வேண்டிய அளவு தெளிவாக இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகாயப் படையில் விதிகள் கடுமை. எப்படியானாலும் வரிசை இதுதான்: முதலில் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ், அடுத்து இயல்திறன் சோதனை, அதற்குப் பிறகே பணம். இந்த வரிசையை மாற்றச் சொல்கிறவர் யாராயிருந்தாலும், சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பணம் என்று வந்தபின் மறைத்துப் பேசுவதில் பயனில்லை. சொந்தச் செலவில் விமானி உரிமம் பெறப் பல லட்சம் வெள்ளி ஆகும். மலாக்கா போன்ற இடங்களில் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. உரிமம் கையில் இருந்தால் வேலை உறுதி என்றும் சொல்ல முடியாது. 2020-இல் கொரோனா நோய் பரவியபோது உலகெங்கும் ஆயிரக்கணக்கான விமானிகள் வேலையின்றி நின்றார்கள், கடன் மட்டும் நிற்கவில்லை. விமான நிறுவனங்கள் சில வேளைகளில் தாங்களே இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருவதுண்டு. பிறகு இத்தனை ஆண்டு எங்களிடம் பறக்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கும். ஆகாயப் படையில் பயிற்சிச் செலவு அரசாங்கத்துடையது. அதன் கல்லூரி கெடா மாநிலத்து அலோர் ஸ்டாரில் இருக்கிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த இரண்டும்தான் நேரான வழி. இரண்டிலும் இயல்திறனைத் தேறாமல் உள்ளே போக முடியாது. பணக்கார வீட்டுப் பிள்ளை தேறாவிட்டாலும் வேறு வழி பார்ப்பான். நம் பிள்ளைக்குச் சோதனைதான் வழி. அதனால்தான் ஆயத்தத்தை இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

சில இடங்களில் இரண்டாம் வாய்ப்பே கிடையாது. இந்திய விமானப்படையின் விமானி இயல்திறன் சோதனையை ஒருவர் ஆயுளில் ஒரே முறைதான் எழுதலாம். தோற்றால், வேறு ஊரில் வேறு ஆண்டில் போய் நிற்க முடியாது. அங்கே உடலையும் அளக்கிறார்கள்: காலின் நீளம் 99 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, 120-ஐத் தாண்டக் கூடாது. அவமதிப்பதற்காக அல்ல, குறைந்தால் மிதி எட்டாது, கூடினால் ஆபத்து வேளையில் இருக்கையோடு வெளியே எறியப்படும்போது முழங்கால் இடிபடும். நம் நாட்டு விமான நிறுவனங்களில் குறிப்பிட்ட காலம் கழித்து மீண்டும் முயலலாமா என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இராமேசுவரத்துப் படகுக்காரர் மகன் ஒருவர், சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்துவிட்டு, விமானி ஆகும் ஆசையோடு டேராடூனில் இந்திய விமானப்படைத் தேர்வுக்குப் போனார். இருபத்தைந்து பேர் வந்திருந்தார்கள். எட்டு பேருக்கு இடம். அவர் ஒன்பதாவதாக வந்தார். அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அங்கே அறிவைவிட ஆளுமைக்கு அதிக மதிப்பு இருந்ததையும் குறிப்பிடுகிறார். மனம் உடைந்து ரிஷிகேசம் வரை போய்த் திரும்பிய அவர், 1958-இல் தில்லியில் அரசாங்க விமானத் தொழில்நுட்பத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். பிற்பாடு ஏவுகணை, குடியரசுத் தலைவர் பதவி என்பதெல்லாம் நேயர்களுக்குத் தெரிந்த கதை. 2006 ஜூன் 8-ஆம் நாள், எழுபத்து நான்காம் வயதில், பூனா விமானத் தளத்திலிருந்து சுகோய்-30 போர் விமானத்தில் துணை விமானி இருக்கையில் அமர்ந்து பறந்தார்.

ஒன்பதாம் இடத்தில் நின்றவர் எல்லோரும் குடியரசுத் தலைவர் ஆகிவிட மாட்டார்கள். அந்தப் பொய்யை நாம் சொல்லப் போவதில்லை. ஆனால் விமான நிலையத்தில் விமானி ஒருவர் மட்டுமா வேலை செய்கிறார்? பழுது பார்க்கும் பொறியாளர், கோபுரத்திலிருந்து வழி சொல்லும் கட்டுப்பாட்டாளர், வானிலை பார்ப்பவர் என்று பலர் இருக்கிறார்கள். இந்தச் சோதனைக்காகப் பழகிய மனக்கணக்கும் நினைவும் ஆங்கிலமும் அங்கேயும் செலவாகும் காசுதான்.

சோதனை நாளைப் பற்றி இரண்டு வார்த்தை. முதல் நாள் இரவு எட்டு மணி நேரம் தூங்க வேண்டும். தூக்கம் குறைந்தால் முதலில் குறைவது கவனம். கோலாலம்பூரில் காலை எட்டு மணிக்கு என்றால், நள்ளிரவுப் பேருந்தில் கண் சிவக்கப் போய் இறங்காமல், முதல் நாளே போய் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் திரையில் குறிப்பு வரும். பெரும்பாலும் குறிப்பைப் படிக்கும் நேரம் கணக்கில் சேராது. அவசரப்படாமல் இருமுறை படிக்கலாம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்களா என்று தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். கேட்பது குற்றமல்ல. கோலும் மிதியும் வசதியாக எட்டும்படி நாற்காலியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். சென்ற ஆண்டு நம் மாணவி ஒருத்தி, நாற்காலியை நகர்த்தலாமா என்று கேட்கக் கூச்சப்பட்டு, முழுச் சோதனையையும் நுனிக்காலில் மிதித்தே முடித்துவிட்டு வந்தாள். அடுத்த முறை முதலில் நாற்காலியைத்தான் பார்ப்பேன் சார் என்றாள். அவளுக்கு அடுத்த முறை இருக்கிறது. ஆறு மாதம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது தினமும் மாலையில், எங்கள் பள்ளி நூலகத்தில், தம்பி எண்களை வாசிக்க, தலைகீழாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.